எக்ஸ்ரேயில் விழாத வலி

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் கல்தூசியைச் சுவாசித்தே வாழ்ந்தவர்களுக்கு நுரையீரல் இறுகிப்போனது. 1940களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது பத்துப் பேரில் நான்கு பேருக்குமேல் சிலிகோசிஸ் இருந்தது. மூச்சிரைப்புக்கு எக்ஸ்ரே சாட்சி சொன்னது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

எக்ஸ்ரேயில் விழாத வலி வந்தவர்கள் என்ன செய்வார்கள்? சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்களின் கஷ்டம் இதுதான். இந்தியாவில் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் உருண்டையான சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. வலி திடீரென்று கிளம்பும். சில மணி நேரமும் நீடிக்கலாம், பல நாட்களும் நீடிக்கலாம்.

ரத்தப் பரிசோதனை நோயைக் காட்டும். இன்றைக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதைக் காட்டாது. ‘நேற்று நன்றாகத்தானே இருந்தான்?’ என்கிறது வீடு. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று பேச்சு. வலிக்கு ஊசி கேட்டால், அதற்கு அடிமையாகிவிட்டானோ என்று சந்தேகம்.

இந்தச் சந்தேகம் இன்னொரு நோய். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் என்கின்றன பல நாட்டு ஆய்வுகள். குளிரும் காய்ச்சலும் போலவே மன அழுத்தமும் வலியைக் கிளப்பக்கூடும். ஆகவே ஆறுதல் என்பது உபசாரம் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

2016-ன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2023 ஜூலை 1-ல் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. ஆனால் பரிசோதனை முடிவு வந்த இரவில் அந்த வீட்டாரிடம் யார் பேசுவது? ஒரே ஒரு மரபணுவைச் சுமக்கும் பெண் நோயாளி அல்ல. கணவனும் அதைச் சுமந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும் அபாயம் என்று பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும். வகுப்பில் அடிக்கடி தண்ணீர் குடிக்க எழும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாத ஆசிரியர் வேண்டும். மனம் உடைந்தவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தங்கவயல் தொழிலாளிக்கு எக்ஸ்ரே இருந்தது. இவர்களுக்குச் சாட்சி அவர்கள் வாய்ச்சொல் மட்டுமே. ‘வலிக்கிறது’ என்றால் நம்புங்கள். மனதுக்கான மருந்து அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.