பதினைந்தாம் பதிப்பும் பழக்கதோஷம் என்னும் பழியும்

கணினிச் செயலி ஒன்றின் புதிய பதிப்பு வெளியாகும்போதெல்லாம், அதை நாள்தோறும் கையாளுவோர் எழுப்பும் ஆட்சேபங்களைப் பழக்கதோஷம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது இத்துறையில் வெகுகாலமாக வழங்கிவரும் சம்பிரதாயம். மனித சுபாவம் புதுமையை முதலில் வெறுத்துப் பின்னர் தழுவிக்கொள்வது. குறை சொல்லுவோர் தொகையில் அற்பம். அவர்கள் கேட்பனவோ சாதாரண ஜனங்களுக்கு வேண்டாதவை. காசு கொடாமல் பெற்ற பொருளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. சில மாதங்கள் பொறுத்தால் எல்லாரும் பழகிப்போவார்கள். இவ்வாறு அடுக்கடுக்காகச் செல்லும் இந்த வாதம், மேற்பார்வைக்கு அனுபவ ஞானம்போலத் தோன்றுவதால், அதை ஆராய்ந்து பார்க்க முற்படுவோர் குறைவு. ஆராய்வதற்கு ஏற்ற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, நார்வே நாட்டு ஆப்பரா நிறுவனம் தன் உலாவியின் பதினைந்தாம் பதிப்பை வெளியிட்டபோது எழுந்த பெருங்கண்டனமும், அக்கண்டனத்துக்குச் சொல்லப்பட்ட சமாதானங்களும், இந்த வாதத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் பரீட்சித்துப் பார்க்கப் போதிய ஆதாரத்தைத் தருகின்றன.

சரித்திரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் டெலினார் என்று பெயர்பெற்ற நார்வே அரசின் தொலைபேசி ஸ்தாபனத்தில் 1994இல் ஓர் ஆராய்ச்சி முயற்சியாகத் தொடங்கிய ஆப்பரா, மறு ஆண்டில் யோன் ஸ்டீபன்சன் ஃபோன் டெட்ஸ்னர், கெய்ர் இவர்சாய் என்னும் இருவரின் முயற்சியால் ஆஸ்லோ நகரில் தனி நிறுவனமாயிற்று. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஏகபோகமாக ஆண்ட காலத்திலும், ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அந்த ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்ட காலத்திலும், இணையப் பக்கத்தைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் எஞ்சினைப் பிறரிடம் இரவல் வாங்காமல் தானே நிர்மாணித்துக்கொண்ட சிறு நிறுவனம் அது. 2003இல் ஏழாம் பதிப்போடு வந்த பிரெஸ்டோ என்னும் எஞ்சின் பத்தாண்டுகள் உழைத்தது. 2013 பிப்ரவரி 12ஆம் தேதி, தன்னைப் பயன்படுத்துவோர் தொகை 30 கோடியை எட்டியது என்ற மகிழ்ச்சிச் செய்தியோடு, பிரெஸ்டோவைக் கைவிட்டுக் குரோமுக்கு அடிப்படையாகிய குரோமியத்தின்மேல் இனித் தன் உலாவியைக் கட்டப்போவதாகவும் ஆப்பரா அறிவித்தது. கணினியில் பன்னிரண்டிலிருந்து நேரே பதினைந்துக்குத் தாவி வந்த புதிய பதிப்பைத் திறந்து பார்த்தவர்கள், அங்கே புக்மார்க் வசதியையே காணவில்லை. உலாவியினுள்ளேயே இருந்த அஞ்சல் பகுதி தனிச் செயலியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குறிப்பேடு, பக்கவாட்டுப் பலகை, டேப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதி, பொத்தான்களை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளும் சுதந்திரம், ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே விதி வகுக்கும் ஏற்பாடு ஆகிய யாவும் போய்விட்டிருந்தன.

மாற்றத்தைக் கண்டு மிரளுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்ற வாதங்கள் யாவும் இதன்மேல்தான் நிற்கின்றன. கணினியை வாங்கும்போதே அதனுள் ஓர் உலாவி வந்துவிடுகிறது. மாற்றத்தை வெறுக்கும் மனிதர் அதைத் திறந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார். வேறோர் உலாவி உண்டு என்ற விசாரணையே அவருக்குத் தோன்றாது. ஆப்பராவைத் தேடி எடுத்து நிறுவியவர்களோ, உலகம் முழுவதும் ஒரு வழியில் போகையில் வேறொரு வழியைப் பரீட்சிக்கத் துணிந்தவர்கள். பிறரெல்லாம் பின்னாளில் கண்டு வியந்த புதுமைகளை அவர்கள் வருஷக்கணக்கில் முந்தியே கைக்கொண்டனர். ஒரே சாளரத்துள் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளும் முறை இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2006இல் ஏழாம் பதிப்பில்தான் வந்தது. ஆப்பராவைக் கையாண்டவர்களுக்கு அது தொண்ணூறுகளிலேயே பரிச்சயம். மவுஸின் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாலே முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் யுக்தியை அவர்கள் 2001இலேயே கற்றுக்கொண்டனர். விருப்பமான தளங்களைச் சிறு சித்திரங்களாக அடுக்கிக் காட்டும் ஸ்பீட் டயல் 2007இல் வந்தபோது அதை வரவேற்றவர்களும் அவர்களே.

இன்னும் ஒன்று. 2003இல் பழைய எஞ்சினை அகற்றிப் பிரெஸ்டோவைப் பொருத்தியபோதும் உலாவியின் உட்புறம் முற்றிலும் மாறத்தான் செய்தது. எஞ்சின் மாறுவதே அவர்களுக்குப் பொறுக்காதது என்றால், அன்றே அவர்கள் ஓடிப்போயிருக்க வேண்டும். அவர்கள் ஓடவில்லை, பெருகினார்கள். பதினைந்தாம் பதிப்பில் வைக்கப்பட்ட ஸ்டாஷ், டிஸ்கவர் முதலிய புதிய பகுதிகளை எடுத்துவிடும்படி எவரும் போர்க்கொடி தூக்கவில்லை. கண்டனத்தின் சாரம் முழுவதும், நேற்று வரை கையில் இருந்த ஒன்று இன்று எங்கே என்ற கேள்விதான். வந்ததை வெறுப்பதும் போனதைக் கேட்பதும் இருவேறு குணங்கள். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது, கேட்பவரின் வாயை அடைக்க உதவுமேயன்றி, கேள்விக்கு விடையாகாது.

இனி, மிகச் சிலரே பயன்படுத்திய வசதிகள் அவை என்ற வாதம். அளவை முறையிலேயே இதில் பிழை உண்டு. ஐம்பது வசதிகள் உள்ள கருவியில் ஒவ்வொன்றையும் நூற்றில் மூவரே கையாளுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூவர் ஒவ்வொரு வசதிக்கும் வேறு வேறு மூவராக இருக்கக் கூடும் அல்லவா? தனித்தனியே எண்ணி, இதற்கு ஆள் இல்லை, அதற்கு ஆள் இல்லை என்று ஐம்பதையும் நீக்குகிறவர், கடைசியில் பெரும்பாலோரின் கையிலிருந்து ஏதாவது ஒன்றைப் பிடுங்கியிருப்பார். அன்றியும், பெரும்பான்மைக்கு வேண்டியது இன்னது என்று பெரிய உலாவிகள் ஏற்கெனவே முடிவு செய்து கொடுத்துக்கொண்டிருக்கையில், சிறிய உலாவி ஒன்று ஜீவித்திருப்பதற்குக் காரணமே அவர்கள் கொடாததைக் கொடுப்பதுதான். டேப்களை அடுக்கும் வசதியை ஆப்பரா 2010 டிசம்பரில் பதினோராம் பதிப்பில் தந்து, 2013இல் எடுத்துவிட்டது. சிலருக்கான ஆடம்பரம் என்று கருதப்பட்ட அதே எண்ணம், வேறு உருவத்தில், 2020இல் குரோமுக்குள்ளேயே டேப் குழுக்களாக வந்து சேர்ந்தது. புக்மார்க்கின் கதை இதைவிடத் தெளிவு. ஸ்பீட் டயலும் ஸ்டாஷும் அதன் ஸ்தானத்தை நிரப்பிவிடும் என்று ஆப்பரா எண்ணியது; 2014 அக்டோபரில் இருபத்தைந்தாம் பதிப்பில் புக்மார்க்கைத் திரும்பவும் வைத்தது. கண்டனம் வெறும் கூக்குரலாக இருந்திருந்தால் அதைத் திரும்ப வைக்க வேண்டிய அவசியம் என்ன?

எஞ்சினை மாற்றினால் அதோடு சேர்ந்தவையும் போகத்தானே வேண்டும் என்பது சற்றுக் கனமான வாதம். அதில் ஒரு பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் நியாயம் பேசுபவன் ஆகமாட்டேன். பிரெஸ்டோவைத் தாங்கி நிற்பது ஆப்பராவுக்கு எளிய காரியமாக இல்லை. தளங்களை அமைப்பவர்களில் பலர் பெரிய உலாவிகளில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொண்டனர். வேறு பெயருடன் வரும் உலாவிக்குக் கதவையே சாத்தியவர்களும் உண்டு. 2003இல், மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளம் ஆப்பராவுக்கு மட்டும் பக்கங்களைச் சிதைத்து அனுப்புவதாக அந்நிறுவனம் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்ட நேர்ந்தது. 2009இல் பத்தாம் பதிப்பு வந்தபோது, பதிப்பெண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் தளங்கள் பத்தை ஒன்று என்று எடுத்துக்கொண்டு, இது மிகப் பழைய உலாவி என்று தள்ளிவிட்டன. ஆகவே ஆப்பரா தளங்களிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வரியில் 9.80 என்ற எண்ணையே நிரந்தரமாக முன்னே வைத்து, மெய்யான எண்ணைக் கடைசியில் எழுத வேண்டியதாயிற்று. எவ்வளவு திறமை வாய்ந்த பொறியாளர்களும் இத்தகைய இடையூறுகளோடு மல்லாடியே தம் காலத்தைக் கழிக்க விரும்பமாட்டார்கள். எஞ்சினைக் கைவிட்ட முடிவுக்குக் காரணம் இருந்தது. அதைச் சாமானியமாகப் பழித்துவிட முடியாது.

ஆனால், புக்மார்க் என்பது எஞ்சினைச் சேர்ந்ததா? குறிப்பேடு எஞ்சினைச் சேர்ந்ததா? பொத்தானை இடம் மாற்றி வைப்பதற்கும் பக்கத்தை வரையும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? அஸ்திவாரத்தைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக் குடியிருப்பவர்களை வெளியே நிறுத்திய வீட்டுக்காரர், திரும்ப அழைத்தபோது அடுக்களையைக் காணவில்லை என்றால், அஸ்திவாரத்தின் பெருமையைச் சொல்லி அதற்குச் சமாதானம் கூற முடியாது. புதிய அடித்தளத்தின்மேல் பழைய வசதிகளை மீண்டும் கட்டுவதற்குக் காலமும் உழைப்பும் வேண்டும் என்பது மெய்; அவ்வாறாயின் அந்தக் காலத்தை எடுத்துக்கொண்டு, கட்டி முடித்தபின் பூர்த்தியான பதிப்பு என்று பெயரிட்டிருக்கலாம் என்பதே கண்டித்தவர்களின் கோரிக்கையாக இருந்தது. அது சாத்தியமே என்பதற்கு நிரூபணமும் பின்னர் கிடைத்தது. 2011இல் ஆப்பராவை விட்டு விலகிய டெட்ஸ்னர், விவால்டி என்ற புதிய உலாவியின் முன்னோட்டப் பதிப்பை 2015 ஜனவரி 27ஆம் தேதி வெளியிட்டார். அதுவும் குரோமியத்தின்மேல் கட்டப்பட்டதுதான். டேப் அடுக்கும் குறிப்பேடும் அந்த முன்னோட்டத்திலேயே இருந்தன. 2016 ஏப்ரலில் முதற்பதிப்பு வந்தபோது மவுஸ் அசைவுகளும் இன்ன பிறவும் சேர்ந்துவிட்டன. எஞ்சினின்மேல் போடப்பட்ட பழியை எஞ்சினே துடைத்துவிட்டது.

இலவசமாகப் பெற்றவருக்குக் கேள்வி கேட்கும் அதிகாரம் ஏது என்பாரும் உளர். ஆப்பரா நெடுங்காலம் விலைக்கு விற்கப்பட்ட பொருள். 2000ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, விலை கொடாதவர்கள் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு பயன்படுத்தினர். 2005 செப்டம்பரில்தான் விலையும் விளம்பரமும் ஒருங்கே நீங்கின. அதன் பிறகும், தேடுபொறி நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் மூலம், பயன்படுத்துவோரின் ஒவ்வொரு தேடலும் ஆப்பராவுக்கு வருமானமாயிற்று. பிழைகளைக் கண்டு எழுதியவர்களும், தம் மொழியில் பெயர்த்துக் கொடுத்தவர்களும், இந்தத் தளம் ஆப்பராவில் திறக்கவில்லை என்று தள உரிமையாளர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதியவர்களும் ஊதியம் பெற்றவர்கள் அல்லர். பணம் கைமாறவில்லை என்பதனால் கொடுக்கல் வாங்கலே இல்லை என்று சொல்வது பெரும் நன்றிமறதி.

பிடிக்காதவர்கள் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளட்டுமே என்ற யோசனைக்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் மாதந்தோறும் வெளிப்படுகின்றன. தளங்களின் இலக்கணமும் மறையாக்க முறைகளும் மாறிக்கொண்டே போகின்றன. இவற்றுக்கு ஈடுகொடாத உலாவி சில ஆண்டுகளில் அபாயகரமாகிவிடுகிறது. பன்னிரண்டாம் பதிப்புக்கு இடையிடையே சில திருத்தங்கள் வந்தன என்பது வாஸ்தவம். ஆனால் ஆயுள் முடியும் என்று தெரிந்த பொருளைக் கையில் கொடுத்து, இதுவே உன் தேர்வு என்பது தேர்வாகாது. லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கோ பழையதைத் தவிர வேறு கதியே இல்லை. அவர்களுக்குரிய புதிய பதிப்பு, இருபத்தாறாம் பதிப்பாக, 2014 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது.

கடைசியாக, எல்லாரும் பழகிப்போவார்கள், நாளடைவில் மறந்துவிடுவார்கள் என்ற ஆரூடம். கண்டித்தவர்களில் ஒரு சாரார், தம் சௌகரியத்தைக் கடந்த ஒரு கவலையையும் அன்றே வெளியிட்டனர். அதுகாறும் டிரைடென்ட், கெக்கோ, வெப்கிட், பிரெஸ்டோ என்று நான்கு எஞ்சின்கள் பெருவழக்கில் இருந்தன. ஒன்று மறைந்தால், மிகப் பெரியதன் பிழைகளே இணையத்தின் இலக்கணமாகிவிடும், சிறியவை ஒவ்வொன்றாகப் பணிய நேரும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்டும் எட்ஜ் உலாவிக்குரிய தன் சொந்த எஞ்சினைக் கைவிடுவதாக அறிவித்து, 2020 ஜனவரியில் குரோமியத்தின்மேல் கட்டிய எட்ஜை வெளியிட்டது. இன்று பெருவழக்கில் எஞ்சி நிற்பவை மூன்றே. அவற்றுள்ளும் குரோமியத்தின் பிளிங்க் ஒன்றே மிகப் பெரும்பான்மையோரின் திரையில் பக்கங்களை வரைகிறது. பழமைவாதிகள் என்று தள்ளப்பட்டவர்களே வரப்போவதைச் சரியாகக் கணித்தவர்கள்.

மறதியைப் பற்றிய ஆரூடமும் பலிக்கவில்லை. 2013 ஜூலையில் ஆப்பராவினின்று பிரித்தெடுக்கப்பட்ட அஞ்சல் வசதியைக் கேட்டு ஓயாதவர்களுக்காக, விவால்டி தன் உலாவிக்குள்ளேயே ஓர் அஞ்சல் பகுதியை அமைத்து, 2022 ஜூனில் அதன் முதற்பதிப்பை வெளியிட்டது. இடையே ஒன்பது ஆண்டுகள் சென்றிருந்தன, கேட்டவர்கள் பழகிப்போகவில்லை.