ஏணி குழந்தையின் கையில் இருக்கட்டும்!



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை, விஞ்ஞான வளர்ச்சி, வேலையில்லாத் திண்டாட்டம் என்று எழுதுவதுதான் நம் வழக்கம். டிப்ளமோ படிக்கிறவங்களுக்கு ஒண்ணாங்கிளாஸைப் பத்தி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பேச வேண்டியது நாம்தான். நம்மில் அரசு ஆரம்பப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் பலர் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பை ஆரம்பிக்கவில்லை. பாயில் வட்டமாக உட்கார்ந்து, கையில் அட்டையோடு ஆரம்பித்தவர்கள். 'ஏ.பி.எல்.' என்று சொன்னால் உடனே ஞாபகம் வருமே, அந்தச் செயல்வழிக் கற்றல்தான்!

அது திடீரென்று வந்ததல்ல. 1972-ல் கர்நாடகத்தில் கோலார் பக்கம் டேவிட் ஹார்ஸ்பரோ என்பவர் நீல் பாக் என்ற சிறு பள்ளியைத் தொடங்கினார். அங்கே வயதுவாரியாக வகுப்பு கிடையாது, பரீட்சை பயம் கிடையாது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில், பத்மநாப ராவும் ராமாவும் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கினார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் அதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார். அதற்கு முன் அவர் நம் பக்கத்து வேலூரில் ஆட்சியராக இருந்தவர். கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய அனுபவம் அங்கே அவருக்குக் கிடைத்தது. 2007-08-ல் இந்த முறை தமிழ்நாடு முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வகுப்பில் ஒரு வாரம் எப்படிப் போகும்? மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே குறிக்கிறது. வானிலை அட்டவணையில் வெயிலா, மேகமா என்று பார்த்துக் குறிக்கிறது. ஆரோக்கியச் சக்கரத்தைப் பார்த்து நகம் வெட்டியாச்சா, தலை வாரியாச்சா என்று சரிபார்க்கிறது. பிறகு ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அந்தப் படிக்குரிய படம் போட்ட தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு தன் குழுவில் போய் உட்காருகிறது. யாரும் அதட்டவில்லை, யாரும் பிரம்பு எடுக்கவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பார்த்தால் மூணாங்கிளாஸ் பெண் ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒன்று முதல் நான்கு வரை எல்லோரும் ஒரே அறையில் கலந்துதான் இருந்தார்கள். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, கொஞ்சம் உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே படிக்கும் குழு, மதிப்பீட்டுக் குழு உட்பட ஆறு வகை. டீச்சரும் தரையில்தான்! சுவரின் அடியில் கீழ்மட்டக் கரும்பலகை. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு கட்டம். வாரக் கடைசிக்குள் வரைந்த படமும் எழுதிய தாளும் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும். பரீட்சை என்று தனி நாள் கிடையாது. படி முடிந்த அன்றைக்கு மதிப்பீட்டு அட்டை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தறி வைத்து வேலை கொடுக்கிறவர் வீட்டுப் பிள்ளையும், அவரிடம் கூலிக்கு நெய்கிறவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் இல்லாத ஒரு சமூகம் அந்த அறைக்குள் இருந்தது. இதை எந்தப் பாடப்புத்தகம் கற்றுத்தரும்?

இப்போது நம் ஆரணிக்கு வருவோம். முகூர்த்த மாதம் வந்தால் சேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். தார் சுற்ற ஆள் வேண்டும். கோர்வைச் சேலை என்றால் கரைக்குத் தனி நாடா. அந்தப் பக்கம் உட்கார்ந்து எறிய ஒரு துணைக் கை வேண்டும். பட்டுத் தறிகளில் அந்தக் கை பல காலம் சின்னப் பிள்ளையின் கையாகத்தான் இருந்தது. 1986-ல் சட்டம் வந்தது. 2016-ல் அதைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்றார்கள். ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சின்னக் கதவையும் திறந்தே வைத்தார்கள். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும்.

பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளை பழைய வகுப்பில் என்ன ஆகும்? பாடம் பத்து நாள் தாண்டிப் போயிருக்கும். பின்வரிசை, திட்டு, அவமானம். அப்புறம் 'எனக்குப் படிப்பு ஏறல' என்று தறிக்கே போய்விடும். ஏணி வகுப்பில் அப்படியில்லை. விட்ட படி அங்கேயே இருக்கும். வந்து, அட்டையை எடுத்து, அங்கிருந்தே ஏறலாம். என் கருத்தில் செயல்வழிக் கற்றலின் பெரிய பலன் இதுதான். படமும் விளையாட்டும் அடுத்தபடிதான். நெசவாளர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் வழி அது!

எதிர்ப்பும் இருந்தது. 'பாயில உட்கார வச்சு வெளையாட்டு காட்டுறாங்க, நோட்டுல ஒண்ணுமே எழுதல' என்று சொன்ன பெற்றோர் உண்டு. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளியில் ஆறு குழுவையும் கவனிப்பது லேசான காரியமா? அட்டை கிழிந்தால் புதுசு வர வேண்டும். அதற்கு மேல் பதிவேடுகள். 13 பள்ளிகளில் ஆசையோடு செய்த ஒன்றை மாநிலம் முழுக்க உத்தரவாகப் போட்டதும் சில இடங்களில் அது வெறும் சடங்கானது. இதெல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் குறை இருந்தது நடத்திய விதத்தில். பிள்ளையை நம்பியது குறையல்ல.

2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஆடல் பாடல் உண்டு, பயிற்சி நூலும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. தான் எந்த நிலையில் இருக்கிறோம், அடுத்த படி எது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? ஆசிரியரின் பதிவில் மட்டும் இருந்தால் போதாது. ஏணி குழந்தையின் கண் முன்னால் இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? நம் ஒர்க்‌ஷாப்பில் மரமும் உண்டு, தகரமும் உண்டு, நம்ம கையும் உண்டு. தலைமையாசிரியர் அனுமதியோடு, பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கு உயரம் குறைந்த அலமாரியும் அட்டைத் தட்டுகளும் செய்து கொடுக்கலாம். மங்கிப்போன கீழ்மட்டக் கரும்பலகைக்குக் கறுப்பு அடித்துக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டுப் பேரவை இரண்டு சனிக்கிழமைகளை இதற்கு ஒதுக்கட்டும். நம் தெருவில் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளில் உட்கார்ந்து, 'முகூர்த்தம் முடிஞ்சதும் பிள்ளையை மறுபடி அனுப்புங்கண்ணா, விட்ட இடத்துலேர்ந்து படிக்கும்' என்று சொல்லலாம். நாம் சொன்னால் கேட்பார்கள். அதே தெருவிலிருந்து டிப்ளமோ வரைக்கும் ஏறி வந்தவர்கள் நாம்தானே!