எருக்கைப் பிடுங்குமுன்: மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் மக்களின் பங்கு குறித்த நிலைப்பாடு

இலையெல்லாம் ஓட்டையாகி நிற்கும் எருக்கஞ்செடியைக் கண்டால் எந்தத் தோட்டக்காரருக்கும் கை பரபரக்கும். பிடுங்கிப் போட்டால் இடம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தேடிவரும் செடி அதுதான். பால் வடியும் அதன் இலையைத் தின்று வளரும் புழுவின் உடலில் நஞ்சு ஏறிவிடுவதால் பறவைகள் அதைத் தொடத் தயங்குகின்றன. முட்டையிலிருந்து சிறகு விரிய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதற்குள் மண்வெட்டி வந்துவிட்டால் அந்தத் தலைமுறை அதோடு சரி.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணை காப்புக்காட்டில், திருவரங்கம் வட்டாரத்து மேலூரில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 25 ஏக்கர். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகும் மக்களுக்கு அதன் நிர்வாகத்தில் என்ன பங்கு? திருச்சி, திருவரங்கம் வட்டாரத்து இயற்கை ஆர்வலர்களின் அமைப்பு இந்தக் கேள்விக்குத் தன் பதிலை இந்த அறிக்கையில் முன்வைக்கிறது.

பொறுப்பு வனத்துறையிடமே இருக்க வேண்டும். காப்புக்காட்டை எந்தத் தனியார் அமைப்பும், இந்த அமைப்பு உட்பட, கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எதை நடுவது, எதை எப்போது வெட்டுவது, எங்கே சிமென்ட் தளம் போடுவது ஆகியவற்றை வட்டார மக்களும் இடம்பெறும் ஆலோசனைக் குழுவில் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிப் பிளாஸ்டிக் பொறுக்கி, பேனர் பிடித்துப் படம் எடுத்துக் கலைவதற்கே மக்கள் பங்கேற்பு என்று பெயராகிவிட்டது. குப்பை பொறுக்குவது நல்ல காரியம்தான். ஆனால் குப்பை பொறுக்க வந்தவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லையென்றால் அது கூலியில்லா வேலை, அவ்வளவே. ஈரச் சேற்றில் கூட்டமாக அமர்ந்து வண்ணத்துப்பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்சுவதை மாதக்கணக்கில் பார்த்தவருக்குத்தான், எந்தச் சேற்றுக்குழியை மூடக்கூடாது என்று தெரியும்.

பொதுமக்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி ஊரார் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அதற்கு ஆணை தந்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தார்கள். வண்ணத்துப்பூச்சி விஷயத்திலும் அப்படித்தான். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பில் ஆர்வலர்கள்தான் பதிவுகளைச் சேர்க்கிறார்கள். பல வகைகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியவர்களும் அவர்களே.

சட்டத்திலும் வழி இருக்கிறது. 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பிறகு கூட்டு வன மேலாண்மை நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1997-இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் இயங்கின. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. மேலூர் போல நகரை ஒட்டிக் கிடக்கும் காட்டுக்கு இவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை என்பதற்கு இவையே சான்று.

குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதில்தான் ஆர்வலர்களும் கொஞ்சம் தங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கேமராவும் பைனாகுலரும் வைத்திருப்பவர்கள் மட்டும் மக்கள் அல்ல. சுற்றிலும் வாழைத்தோட்டங்கள். அங்கே அடிக்கும் பூச்சிமருந்துக்குப் பூங்காவின் வேலி தெரியாது. வாழை விவசாயி இல்லாத குழு பாதிக் குழுதான். ஆர்வலர்களின் இன்னொரு பலவீனம் மரக்கன்று மோகம். வெயில் விழும் புல்வெளியையும் புதரையும் நிழல் மரங்களால் நிரப்பினால், திறந்த வெளியைத் தேடும் வகைகள் இடம்பெயரும். நல்ல எண்ணத்தோடு வரும் கன்றுக்கும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய துணிவு குழுவுக்கு வேண்டும்.

அமைப்பு கேட்பவை மிகச் சிலவே. மாதம் ஒருமுறை வன ஊழியர்களும் மக்களும் சேர்ந்து நடந்து, எந்தச் செடியில் எந்தப் புழு என்று ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். களையெடுப்பைப் பூங்கா முழுவதும் ஒரே வாரத்தில் முடிக்காமல், துண்டு துண்டாகப் பிரித்து மாறி மாறிச் செய்ய வேண்டும். குழுவின் ஆலோசனையை ஏற்க முடியாதபோது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பதிவேட்டின் சுருக்கத்தை வாசலில், ஆட்டோ ஓட்டுநருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் தமிழில், பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு செடிகள் தழைக்கும். களையெடுப்பும் அப்போதுதான் சூடுபிடிக்கும். முதல் கூட்டத்தை அதற்கு முன், புரட்டாசியிலேயே நடத்த வேண்டும் என்று அமைப்பு கோருகிறது.