மாவட்டம் என்னும் திரை

கல்வியில் சமத்துவம் வேண்டும் என்று கூறாதவர் இன்று நம் நாட்டில் எவருமிலர். ஆளுங் கட்சியும் எதிர்க் கட்சியும் ஒரே குரலில் அதனைக் கூறுகின்றன. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சொல்லை ஒருமுறை உரைகல்லில் இட்டுப் பார்ப்பது நன்று. எங்கள் பகுதியில் அதற்கு வாய்ப்பான உரைகல் ஒன்று உண்டு.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர் கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தைக் காண்பர். 1981இல் மட்டக்களப்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் கிளை அது. 2001 முதல் வளாகம் என்னும் தகுதியுடன் இயங்குகின்றது. முகாமைத்துவம், தொடர்பாடல், கணினி விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய தொழில்சார் படிப்புகள் அங்கே நடைபெறுகின்றன. நாட்டின் நாலாபுறத்திலிருந்தும் மும்மொழி பேசும் பிள்ளைகள் வந்து பயில்கின்றனர். இது பெருமைக்குரியதே. ஆயின் அவ்வீதியிலேயே மேலும் சென்றால், நிலாவெளியைக் கடந்து களப்பின் முகத்துவாரத்தில் இறக்கக்கண்டி வரும். கரைவலை இழுப்போரும் களப்பில் இறால் பிடிப்போருமாகத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர். போரும் 2004இன் கடற்கோளும் இரண்டு முறை அடித்துப் போட்ட கரை இது. இவ்வூர்ப் பிள்ளைக்கு அந்த வளாகம் பஸ்ஸில் சிறிது நேரத் தொலைவு. அனுமதிக் கடிதத்தின் வழியாகவோ எட்டாத் தொலைவு. ஏன் இந்த நிலை? இதுவே நம் கேள்வி.

இதற்கு விடை காணச் சற்றே பின்னோக்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற அந்தச் சட்டம் உழைக்கும் மக்கள் பெற்ற மாபெரும் உரிமைகளுள் ஒன்று. எனினும் கட்டணத்தை நீக்கிய கை, பாடசாலைகளுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வை நீக்கவில்லை. ஆய்வுகூடமும் நூலகமும் நகரத்துப் பெருங் கல்லூரிகளிலேயே தங்கிவிட்டன.

1971ஆம் ஆண்டு அனுமதியிலே பெரும் அநீதியொன்று நிகழ்ந்தது. பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 227 புள்ளிகள் போதும், தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றாயிற்று. எழுதிய மொழியைக் கொண்டு மாணவனின் தலைவிதியை நிறுத்த அந்தத் தரப்படுத்தல் ஓர் இளந்தலைமுறையின் நம்பிக்கையைக் குலைத்தது. அதன் விளைவை நாடு முப்பதாண்டுகள் இரத்தத்தால் எழுதியது. அதனை எவ்வகையாலும் நியாயப்படுத்த இயலாது.

1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டை அதனோடு சேர்த்து ஒரே மூச்சில் கண்டிப்போர் நம்மிடையே இன்றும் உளர். இங்கே நாம் அவர்களோடு மாறுபடுகின்றோம். மொழிவாரித் தரப்படுத்தல் பிறப்பைத் தண்டித்தது. பிரதேசப் பங்கீடோ, கொள்கையளவில், வசதியின்மையைக் கணக்கிலெடுத்தது. அது யாழ்ப்பாணத்துப் பெருங் கல்லூரிகளின் இடங்களைக் குறைத்தது உண்மை. ஆனால் மன்னாரும் வன்னியும் மட்டக்களப்பும் திருகோணமலையும் மலையகமும் தமிழ் பேசும் நிலங்கள் அல்லவா? அங்குள்ள பிள்ளைகளின் வாய்ப்பு தமிழரின் வாய்ப்பில் அடங்காதா? உரிமை பற்றிப் பேசும்போது எங்களைக் கணக்கிற் சேர்த்து, இடம் பகிரும்போது மறந்துவிடுவது எவ்வகை நீதி?

இன்றுள்ள முறை இது: கலைப்பிரிவின் பெரும்பாலான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. ஏனைய பெரும்பாலான படிப்புகளில் நூற்றுக்கு 40 இடங்கள் திறமை வரிசைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கும், 5 இடங்கள் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரே அரச பல்கலைக்கழகம் புகுகின்ற நாட்டில் இந்தப் பங்கீடு சிறு நன்மையன்று.

‘திறமைக்கு மட்டுமே இடம்’ என முழங்குவோருக்கு ஒரு சொல். நகரத்து மாணவன் பெறும் புள்ளியில் அவன் திறமையோடு ஆய்வுகூடமும், முழுமையான ஆசிரியர் குழாமும், மாலைநேரத் தனியார் வகுப்புகளும், தந்தையின் சம்பளமும் கலந்துள்ளன. உயர்தரப் பரீட்சை அண்மை ஆண்டுகளில் நவம்பர், டிசம்பர் மாதங்களை அடுத்து நடப்பதை எண்ணிப் பாருங்கள். கிழக்குக் கரையில் அது வாடைக்காற்றும் பெருமழையும் கூடும் காலம். கடல் கொந்தளிக்க, வள்ளங்கள் கரையேற, வீட்டில் உலை வைக்கவே கடன் வாங்கும் மாதங்கள் அவை. 2024 நவம்பரில் வெள்ளத்தால் பரீட்சையே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. கூரை ஒழுகும் வீட்டில் இருந்து படித்தவன் பெற்ற புள்ளியையும் கொழும்பில் இருந்து படித்தவன் பெற்ற புள்ளியையும் ஒரே தராசில் இட்டுத் திறமை என்பது கணிதமாகலாம், நீதியாகாது.

ஆயினும் மாவட்டப் பங்கீட்டோடு மனநிறைவு கொள்வோரையும் நாம் விட்டுவிட இயலாது. மாவட்டம் என்பது ஆட்சிக்காக வரைந்த கோடு. அந்தக் கோட்டுக்குள்ளே திருகோணமலை நகரின் புகழ்பெற்ற கல்லூரிகளும் உள்ளன. குச்சவெளிப் பிரதேசத்தின் கரையோரப் பாடசாலைகளும் உள்ளன. இரண்டுக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டம் எங்கள் வறுமையைக் காட்டிப் பெறப்படுகின்றது. அதன் பலனோ நகரத்தின் நான்கைந்து மண்டபங்களுக்குள் பெரும்பாலும் பகிரப்பட்டுவிடுகின்றது. மாவட்டம் ஒரு திரை. அதற்குப் பின்னே கிராமம் மறைந்துபோகின்றது.

மறைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்குவோம். நாட்டின் பத்தாயிரத்தைச் சார்ந்த அரச பாடசாலைகளில், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள ‘1ஏபி’ வகையின ஏறத்தாழப் பத்திலொன்றே. ‘1சி’ வகையில் கலையும் வர்த்தகமும் மட்டுமே. இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். சித்த மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். மூலிகையும் பாட்டன் வைத்தியமும் எங்கள் கிராமங்களுக்குப் புதியன அல்ல. ஆனால் அப்படிப்புக்கு விண்ணப்பிக்க உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் சித்தியடைய வேண்டும். அப்பிரிவு இல்லாத பாடசாலையிற் படிக்கும் பெண்பிள்ளைக்கு அனுமதி மறுக்கப்படுவதில்லை; அவள் விண்ணப்பிக்கும் இடத்துக்கே வருவதில்லை. பதினாறு வயதில், பாடத்தெரிவுப் படிவத்தை நிரப்பும் நாளிலேயே அவளது வாயில் அடைபடுகின்றது. எந்த வெட்டுப்புள்ளிப் பட்டியலிலும் அவளது தோல்வி பதிவாகாது.

‘நகரத்துக்குச் சென்று படிக்கலாமே’ என்பர். பஸ் கட்டணம் யார் தருவது? மாலை வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் மகளுக்காகச் சந்தியிற் காத்திருக்கும் தாயின் அச்சத்தை எந்தச் சுற்றறிக்கை போக்கும்? நகரத்தில் தங்க அறை எடுக்க வல்லவர்க்கு இந்த வாதமே தேவையில்லை.

இனி, புலமைப்பரிசில். 1981இல் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் எண்ணற்ற ஏழை மாணவரைப் பட்டதாரிகளாக்கியது; நன்றியோடு அதனை நினைப்போம். அதன் வருவாயில் ஒரு பகுதி அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபத்திலிருந்து வருகின்றது. ஏழை வாங்கும் சீட்டிலிருந்து ஏழையின் பிள்ளைக்கு உதவி! செல்வரின் வரியிலிருந்து அது முழுமையாக வரக்கூடாதா? மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகை 2025இல் 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வின்படி நாளொன்றுக்கு 250 ரூபா ஆயிற்று. மூன்று வேளை உணவும் நூலும் பயணமும் அதற்குள் அடங்குமா என்பதை நிதியமைச்சு தன் சிற்றுண்டிச்சாலையிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அதனினும் பெரிய குறை, அவ்வுதவி பல்கலைக்கழக வாயிலுக்கு உள்ளே சென்றவருக்கே கிடைக்கின்றது என்பது. சாதாரணதரம் முடித்தவன் உயர்தரம் எழுதும் வரையும், எழுதிய பின் அனுமதிக்காகக் காத்திருக்கும் நீண்ட காலத்திலும் வீட்டுக்கு என்ன கொடுப்பான்? அந்த இடைவெளியிலேதான் வள்ளமும், நிலாவெளி விடுதிகளின் சமையற்கூடமும், வளைகுடா நாட்டு விசாவும் அவனை அழைத்துக்கொள்கின்றன. ஆற்றின் அக்கரையில் ஓடத்தைக் கட்டிவைத்து, நீந்தி வந்தவனுக்குத் தருவோம் என்பதா உதவி?

ஆகவே நாம் கோருவன நான்கு. மாவட்டத்துக்குரிய 55 விழுக்காட்டில் ஒரு பங்கை, விஞ்ஞானப் பிரிவு வசதி குன்றிய பாடசாலைகளில் சாதாரணதரம் வரை பயின்றவர்க்கு ஒதுக்குக. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஒரு பாடசாலையிலேனும் ஆய்வுகூடம், நிலையான ஆசிரியர்கள், மாணவியர் விடுதி ஆகியவற்றுடன் விஞ்ஞானப் பிரிவைத் தொடங்குக. புலமைப்பரிசிலைப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே வழங்கி, விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர்த்துக. கோணேசபுரி வளாகம் தன் ஆய்வுகூடங்களைப் பாடசாலை விடுமுறையில் சுற்றுவட்டார மாணவர்க்குத் திறந்துவிடுக.

‘தரம் தாழ்ந்துவிடும்’ என்று அஞ்சுவோர் ஒன்றை மறக்கின்றனர். பங்கீடு நுழைவுக்கே உண்டு, பட்டத்துக்கு இல்லை. உள்ளே சென்றபின் அனைவரும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதுகின்றனர்.

ஒரு பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைக் கட்டடங்களின் மாடியைக் கொண்டும் பீடங்களின் எண்ணிக்கையைக் கொண்டும் அளப்பது எளிது. அதன் மதிலுக்கு வெளியே வலை இழுக்கும் குடும்பங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் உள்ளே சென்றனர் என்ற கணக்கையும் வளாகம் ஆண்டுதோறும் வெளியிடட்டும். மாவட்டக் கணக்கு எங்களுக்கு வேண்டாம். கிராமக் கணக்கைக் காட்டுங்கள்.