ஒரு தளபதிக்கு இரண்டு எஜமானர்கள்

மதுரை சம்மட்டிபுரத்தில் ஒரு தர்கா இருக்கிறது. அங்கே அடக்கமாகியிருப்பவர் கான்சாகிப். மருதநாயகம் என்று மக்கள் சொல்லும் யூசுப்கான் இவர்தான்.

1764-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி அவரைத் தூக்கில் போட்டார்கள். போர்க்களத்தில் தோற்றதாலா? இல்லை. "தளபதி யாருடைய ஆள்?" என்று மேலே இருந்தவர்கள் போட்ட சண்டையில் அவர் உயிர் போயிற்று.

ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர் என்பார்கள். திருச்சி முற்றுகையில் அவர் காட்டிய வீரத்தைக் கண்டு, கிழக்கிந்தியக் கும்பினி 1754-ல் தன் சிப்பாய்களுக்கெல்லாம் அவரைத் தளபதி ஆக்கியது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை வளைத்துக்கொண்டபோது கும்பினிக்குக் கை கொடுத்தவரும் அவரே. 1759-ல் மதுரை, நெல்லைச் சீமைகளின் வரி வசூல் அவர் கைக்கு வந்தது.

பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்களைக் கடுமையாக அடக்கினார். அதே நேரத்தில் கண்மாய்களைச் செப்பனிட்டார். வணிகரும் நெசவாளரும் பயமில்லாமல் தொழில் செய்தார்கள்.

வந்தது வினை

ஆற்காடு நவாப் முகமது அலிக்கு இது பொறுக்கவில்லை. சீமை நவாபுடையது. தளபதியோ கும்பினியின் ஆள். வரிப்பணம் யாருக்கு? யார் சொன்னால் கேட்பது? "அவன் எனக்குக் கீழேதான் இருக்க வேண்டும்" என்று நின்றார் நவாப்.

நவாபின் பெயரைச் சொல்லித்தான் கும்பினி இங்கே காலூன்றியிருந்தது. ஆகவே நவாபை விட்டுக்கொடுக்க அதனால் முடியவில்லை. தளபதியை விட்டுக்கொடுத்தது.

யூசுப்கான் பணியவில்லை. 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். கும்பினியும் நவாபும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மோதிப் பார்த்தும் கோட்டை விழவில்லை. உணவு வரும் வழியை அடைத்தார்கள். கடைசியில் கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் தூக்கு. பதவிச் சண்டை மேலிடத்தில். பட்டினி மதுரை மக்களுக்கு!

நம் காலத்தில்

இது நவாப் காலத்தோடு போய்விடவில்லை. சுதந்திர இந்தியாவிலும் நடந்தது. 1959-ல் தரைப்படைத் தலைவர் திம்மையா ராஜினாமா கடிதம் கொடுத்தார். ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. உயர் பதவி நியமனங்களும் அந்த மனத்தாங்கலில் சேர்ந்தவை. பிரதமர் நேரு சமாதானம் சொல்லவே, கடிதத்தைத் திரும்பப் பெற்றார்.

போர்முனையில் படை நடத்திப் பழக்கமில்லாத கவுல், மேலிடத்துக்கு வேண்டியவர் என்ற பேச்சோடு மளமளவென்று உயர்ந்தார். நீலகிரி வெலிங்டன் ராணுவக் கல்லூரித் தலைவராக இருந்த மானெக்‌ஷா மீதோ விசாரணை நடந்தது! குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று.

1962-ல் சீனப் படை வந்தது. எல்லையில் கவுலின் படை சிதறியது. பனியில் எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகள் மடிந்தார்கள். மேனன் பதவி இழந்தார். கவுலின் இடத்துக்கு அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? அதே மானெக்‌ஷா! 1971-ல் வெற்றி தேடித் தந்த தரைப்படைத் தலைவரும் அவரே.

யார் பொறுப்பு?

தளபதியை நியமிக்கும் உரிமை மக்கள் தேர்ந்தெடுத்த சர்க்காருக்குத்தான் உண்டு. அதில் மாற்றம் கூடாது. ராணுவம் தானே தலைவனைத் தேடிக்கொண்ட நாடுகளில் மக்களாட்சி என்ன பாடுபட்டது என்று உலகம் அறியும். ஆனால் உரிமை இருப்பதால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கலாமா? வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சவே ஆள் பார்த்து வைக்கிறோம். நாட்டைக் காக்க அப்படிப் பார்க்க வேண்டாமா?

புதிய தளபதியின் பெயர் பத்திரிகையில் வந்தால், அவர் எந்த ஊர், எந்தச் சாதி, யாருக்கு வேண்டியவர் என்று பேச வேண்டாம். எந்தப் போர்முனையில் நின்றார், எப்படி நின்றார் என்று கேளுங்கள். மக்கள் அப்படிக் கேட்டால், நியமிப்பவர்களும் அதையே பார்ப்பார்கள்.