குரூசோவின் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யார்?



நம் தமிழ்ப்பள்ளிகளில் வாசிப்பு நடவடிக்கைகளுக்குக் குறைவில்லை. 1990-களின் இறுதியில் கல்வி அமைச்சு தொடங்கிய ‘நிலாம்’ வாசிப்புத் திட்டம் நாம் அனைவரும் அறிந்ததே. நூலின் தலைப்பு, எழுதியவர் பெயர், பக்க எண்ணிக்கை, கதைச் சுருக்கம், படிப்பினை ஆகியவற்றை மாணவர்கள் குறித்து வருகின்றனர். எண்ணிக்கை கூடினால் பாராட்டும் கிடைக்கிறது. திட்டத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் அந்தக் குறிப்புகளைத் திருத்திய ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நூல்கள் மாறுகின்றன, படிப்பினை மட்டும் மாறுவதே இல்லை! ‘முயற்சி திருவினையாக்கும்’, ‘பெற்றோர் சொற்கேட்டு நடக்க வேண்டும்’ என்ற இரண்டையே எல்லாரும் எழுதியிருப்பார்கள். படிக்கும்போது அந்த மாணவன் எங்கே சிரித்தான், எங்கே சினந்தான், எந்தப் பக்கத்தில் ஐயம் கொண்டான் என்பதை எழுத அங்கே இடமில்லை.

அந்தச் சிரிப்பும் சினமும் ஐயமுந்தான் வாசிப்பின் பயன் என்பது என் கருத்து. ஒரு நூலையும் ஒரு மாணவனையும் சான்றாக வைத்து இதனை விளக்க விரும்புகிறேன்.

நூல், டேனியல் டீஃபோ எழுதி 1719-இல் வெளிவந்த ‘ராபின்சன் குரூசோ’. முந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் சிறுவர்கள் படித்துவரும் சாகசக் கதை இது. மாணவன், ஆறாம் ஆண்டில் பயில்பவன். ராசா வட்டாரத்தைச் சேர்ந்தவன். அவனுடைய பாட்டி பால்மரம் சீவியவர். தாத்தா செம்பனைக் குலை வெட்டியவர். தந்தையார் இன்று தொழிற்சாலையில் பணிபுரிகிறார். ராசா, பத்தாங் காலி முதல் கோலசிலாங்கூர் வரையுள்ள நம் பள்ளிகளில் பயிலும் பெரும்பாலான மாணவர்களின் குடும்பக் கதையும் ஏறக்குறைய இதுதான்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் நான் வாய்விட்டுப் படிப்பேன், மாணவர்கள் கேட்பார்கள். இடையில் யாரும் எதையும் கேட்கலாம் என்பது ஒன்றே விதி.

சிரிப்பும் கணக்கும்

தீவில் தனித்துவிட்ட குரூசோ, தப்பிச் செல்வதற்காக ஒரு பெரிய மரத்தை வெட்டி வீழ்த்தி, மாதக்கணக்கில் குடைந்து படகு செய்கிறான். கடைசியில் அதை நகர்த்தவே முடியவில்லை. நீர் இருப்பதோ ஏறத்தாழ நூறு கஜத் தொலைவில்! இந்த இடத்தில் நம் மாணவன் வயிறு குலுங்கச் சிரித்தான். “வெட்டுவதற்கு முன்பே யாரும் சொல்லவில்லையா ஐயா?” என்றான். பக்கத்திலிருந்த மாணவி, “சொல்வதற்குத்தான் ஆள் இல்லையே!” என்றாள். வகுப்பு சட்டென்று அமைதியானது. தனிமை என்றால் என்ன என்பதை நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்த ஒரு மறுமொழிக்கு ஈடாகியிருக்காது.

அடுத்து, கோழித் தீவனப் பையை உதறிய இடத்தில் வாற்கோதுமையும் சில நெற்பயிர்களும் முளைக்கும் பகுதி வந்தது. தஞ்சோங் காராங் வயல்களை வண்டியிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளல்லவா! ஒரு பிடி நெல்லை விதைத்தால் எத்தனை நாள் சோற்றுக்கு வரும் என்று உடனே கணக்குப் போடத் தொடங்கிவிட்டனர். விளைந்ததையெல்லாம் விதைக்கென ஒதுக்கி, நான்காம் ஆண்டில்தான் குரூசோ சிறிதளவு உண்ணத் துணிகிறான் என்று படித்தபோது, அவர்களுடைய கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

மணலில் ஒரே ஒரு காலடித் தடத்தைக் கண்டு குரூசோ நடுங்கும் காட்சியைக் கேட்டுவிட்டு, “ஒற்றைக் காலால் நொண்டி வந்தவனா ஐயா? இன்னொரு தடம் எங்கே?” என்று கேட்டான் நம் மாணவன். இலக்கிய ஆய்வாளர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது.

பெயர் என்ன?

இதுவரை வந்தவை மகிழ்ச்சியான எதிர்வினைகள். இதற்குப் பின்னர்தான் கதை வேறு திசையில் சென்றது.

கொல்லப்படவிருந்த ஓர் இளைஞனைக் குரூசோ காப்பாற்றுகிறான். காப்பாற்றிய நாள் வெள்ளிக்கிழமை என்பதால் அவனுக்கு ‘வெள்ளி’ என்றே பெயரிடுகிறான். தன்னை ‘எசமான்’ என்று அழைக்கவும் கற்றுக்கொடுக்கிறான். நம் மாணவன் கையை உயர்த்தினான். “அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன ஐயா?”

நாவலில் அதற்கு விடை இல்லை. குரூசோ அதைக் கேட்பதே இல்லை. பின்னர் அந்த இளைஞனின் தந்தையும் மீட்கப்பட்டுத் தீவுக்கு வருகிறார். அவருக்கும் பெயர் சொல்லப்படவில்லை. இதைச் சொன்னவுடன் மாணவன், “எங்கள் தாத்தாவின் பெயரும் அடையாள அட்டையில் வேறாகத்தான் இருக்கிறது. கிராணி தப்பாக எழுதிவிட்டாராம்” என்றான். மேலும் மூன்று மாணவர்கள் தத்தம் வீட்டுக் கதைகளைச் சொல்லத் தொடங்கினர்.

மேலைநாட்டு எழுத்தாளர்களும் இந்த இடத்தில் நின்று எழுதியிருக்கிறார்கள். பிரான்சின் மிஷெல் தூர்னியே 1967-இல் இக்கதையை வெள்ளியின் பக்கம் சாய்த்து மாற்றி எழுதினார். பின்னர் 1971-இல் சிறுவர்களுக்கெனவும் எழுதினார். தென்னாப்பிரிக்காவின் ஜே. எம். கூட்ஸி 1986-இல் எழுதிய ‘ஃபோ’ என்ற நாவலில் வெள்ளி நாக்கில்லாதவனாக, தன் கதையைச் சொல்ல இயலாதவனாக வருகிறான். இவர்களில் யாரையும் அறியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அதே கேள்வியைத் தன் தாத்தாவின் அடையாள அட்டையிலிருந்து எடுத்துவந்தான்.

வெட்டப்பட்ட பக்கங்கள்

குரூசோ ஏன் கடலில் சென்றான்? இதைப் பல சிறுவர் பதிப்புகள் சொல்வதில்லை. கப்பல் உடைவதில் கதை தொடங்கிவிடும். உண்மையில் குரூசோ பிரேசிலில் ஒரு தோட்டத்துக்கு உரிமையாளன். அங்குள்ள தோட்டக்காரர்களுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டனர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்தில்தான் கப்பல் உடைகிறது. அதற்கும் முன்பு, தன்னோடு தப்பி வந்த சூரி என்ற சிறுவனை அறுபது வெள்ளி நாணயங்களுக்கு ஒரு கப்பல் தலைவனிடம் கொடுத்தவனும் இவனே.

இப்பகுதிகளை வெட்டும் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. கல்விச் சிந்தனையாளர் ரூசோ 1762-இல் வெளியிட்ட ‘எமீல்’ என்ற நூலில், தம் மாணவன் முதலில் படிக்கவேண்டிய நூல் இதுவே என்கிறார். ஆனால் கப்பல் உடைவதில் தொடங்கி, மீட்கும் கப்பல் வருவதோடு முடித்துக்கொண்டால் போதும், மற்றவை வேண்டாத சுமை என்றும் கருதுகிறார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் போற்றிப் படித்த ரூசோதான்!

ரூசோவின் மாணவனுக்கு அது சுமையாக இருந்திருக்கலாம். நம் மாணவர்களுக்கு அப்பகுதி மிக நெருக்கமானது. நான் அதை வெட்டாமல் சொன்னேன். “தோட்டத்துக்கு ஆள் கட்டப் போனாரா? கங்காணி மாதிரியா?” என்று கேட்டான் அவன். இங்கே ஆசிரியரின் பணி தொடங்குகிறது. அடிமை முறை வேறு, ஒப்பந்தக் கூலி முறை வேறு, கங்காணி முறை வேறு என்று வேறுபடுத்திச் சொல்லவேண்டும். மலாயாவில் இந்தியர்களை ஒப்பந்தத்தில் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டதையும், கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-இல் இந்திய அரசின் தடையால் முடிவுக்கு வந்ததையும் சொன்னேன். வகுப்பில் ஒருவரும் அசையவில்லை.

கதையின் இறுதியில், இருபத்தெட்டு ஆண்டுகள் தீவில் கழித்துத் திரும்பும் குரூசோ, தன் பிரேசில் தோட்டத்தின் வருவாயால் செல்வந்தனாகிறான். எல்லாரும் கைதட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். நம் மாணவன் முகம் சுளித்தான். “இருபத்தெட்டு ஆண்டுகள் இவர் அங்கே இல்லையே ஐயா! வேலை செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது?”

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது, லயங்களை விட்டு வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நம் வட்டாரத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ளது தென்னமரம் தோட்டம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் அங்கேதான் உருவானது. அதனை அமைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே, தம் மலாயா வாழ்க்கையைக் கொண்டு ஒரு நாவல் எழுதி 1930-இல் கொன்கூர் பரிசு பெற்றார். துரையின் கதைக்குப் பரிசு கிடைத்தது. அவர் காலத்தில் அங்கே காடழித்துக் கன்று நட்டவர்களின் கதையை இனி யார் எழுதப்போகிறார்கள்? கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைதான் எழுதவேண்டும்.

இரண்டு மறுப்புகள்

அடிமை வணிகம் செய்தவனின் கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தீவு மக்களை நரமாமிசம் உண்பவர்களாகக் காட்டும் பகுதிகளும் இந்நூலில் உள்ளன. அக்கால ஐரோப்பியர் பிற மக்களை எப்படிப் பார்த்தனர் என்பதைச் சொல்லியே அவற்றைப் படிக்கவேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ அருகில் இருந்தால் இந்நூலால் தீங்கில்லை. தீயவற்றை நீக்கிவிட்டுக் குரூசோவை உத்தமனாகக் காட்டும் சுருக்கப் பதிப்பைத்தான் நான் அஞ்சுகிறேன்.

நேரம் எங்கே இருக்கிறது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வைக் காரணம் காட்டி வாசிப்பை ஒதுக்கிய காலம் முடிந்தது. நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

செய்யவேண்டியவை எளியவை. மாணவரின் வாசிப்பு ஏட்டில் ‘நான் கேட்க விரும்பும் கேள்வி’ என்று ஒரு பகுதியைச் சேர்ப்போம். படிப்பினையைக் கடைசியில் கேட்போம். விடை தெரியாத கேள்வி வந்தால், விடை தேடுவதை மாணவரோடு சேர்ந்து செய்வோம். பெற்றோர்களே, பிள்ளை கதை படித்துவிட்டு உங்களிடம் வந்தால், எத்தனை பக்கம் முடித்தாய் என்று விசாரிப்பதற்கு முன், எந்த இடத்தில் உனக்குக் கோபம் வந்தது என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையில் உங்கள் வீட்டுக் கதையும் இருக்கக்கூடும். அப்போது தாத்தா பாட்டியின் உண்மையான பெயர்களை அவனுக்கு எழுதிக் காட்டுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.