என் புத்தகத்தை யார் அச்சிடுவது?



என்னிடம் பதினொரு சிறுகதைகள் உள்ளன. பெரும்பாலானவை எங்கள் சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன்களில் பிறந்தவை. அவற்றை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். எட்டு மாதம் மௌனம். பிறகு ஒருநாள் தொலைபேசியில் இனிய குரல் ஒன்று, "கதைகள் பிரமாதமுங்க தம்பி! முப்பதாயிரம் கட்டிட்டீங்கன்னா முந்நூறு பிரதி போட்டுத் தந்துடலாம்" என்றது.

முதலீடு என்னுடையது, முத்திரை அவர்களுடையது! விற்பதும் என் தலையில். இதற்குப் பதிப்பு என்று பெயர் வைப்பானேன்? அச்சுக்கூலி என்று சொல்லிவிட்டுப் போகலாமே!

வீட்டில் சொன்னேன். "சீட்டை எடுத்துக் கட்டிப்போடலாம் கண்ணு" என்றார் அப்பா. அது அக்காவின் கல்யாணத்துக்கென்று கட்டிவரும் சீட்டு. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

சொந்தமாக வெளியிடுவது இழுக்கு என்று சிலர் எண்ணுகின்றனர். நான் அப்படி எண்ணவில்லை. 1971இல் நம் கோவையில் வானம்பாடிகள் தங்கள் கவிதைகளை 'விலையிலாக் கவிமடல்' என்றே வெளியிட்டார்கள். புவியரசு, ஞானி, சிற்பி என்று அவர்களில் பலர் ஆசிரியர்கள். எந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலிலும் அவர்கள் காத்து நிற்கவில்லை. சி.சு. செல்லப்பா தம் 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், தாமே மூன்று பாகங்களாக வெளியிட்டார். அவர் 1998இல் மறைந்தார். சாகித்திய அக்காதெமி விருது 2001இல் வந்தது! புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர் அவர். அந்தத் தோள்வலி நமக்கு உண்டா? சொந்த வெளியீடு பற்றிப் பேசுவோர் முதலில் இதற்கு விடை சொல்லவேண்டும்.

'நாகம்மாள்' தந்த நம் கொங்கு நாட்டு ஆர். சண்முகசுந்தரமும் தம் தம்பியோடு புதுமலர் நிலையம் என்ற பதிப்பகத்தைக் கோவையில் நடத்தியவர்தான். ஆயினும் எழுதுவது ஒரு வேலை, கட்டுக் கட்டி அனுப்பி, கழிவு கொடுத்து, பாக்கி வசூலிப்பது முற்றிலும் வேறொரு வேலை. நல்ல பதிப்பாளர் இந்த இரண்டாவது சுமையை ஏற்கிறார், பிழை திருத்துகிறார், "இந்தக் கதை வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அப்படிப்பட்டவர் விலையில் பத்து விழுக்காடுதான் நமக்குத் தந்தாலும் நான் வணங்கி ஏற்பேன். பணத்தை முதலில் கேட்பவருக்கு, கதையை வேண்டாம் என்று சொல்ல என்ன அவசியம் இருக்கிறது? என் பதினொன்றில் ஒன்றைக்கூட அந்தக் குரல் குறை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம் சேகரித்தார். புத்தகம் வருமுன்பே வாசகர் யாரெனத் தெரிந்துவிட்டது! நம் காலத்திலோ வேண்டிய அளவு மட்டும் அச்சிடும் வசதியே வந்துவிட்டது. நூறு பிரதி போதுமென்றால் நூறுதான். கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாய் அடுக்கி வைக்கவேண்டியதில்லை.

ஆகவே சீட்டுப் பணத்தைத் தொடவேண்டாமென்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் பதினொன்றையும் படித்து, ஏழைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். (இரண்டு நாள் அவர்மீது கோபமாக இருந்தேன்.) எஞ்சிய நான்கும் அறுபத்து நான்கு பக்கம் வரும். விலை ஐம்பது ரூபாய். நூறு பெயர் சேர்ந்தால் அச்சுக்குக் கொடுப்பேன். சேராவிட்டால், பணம் கேட்காத பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு இன்னும் எழுதிக்கொண்டிருப்பேன்.

தமிழ்த் துறை வாசலில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஒரு நோட்டு கட்டித் தொங்குகிறது. இதை எழுதும் இன்று வரை அதில் நாற்பத்திரண்டு கையெழுத்துகள் உள்ளன.